தேயாத மவுஸ்

துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ஏஜென்சி ஆபீசில் ஜெசிந்தாவுக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒரே மவுஸ்தான். மற்றவர்களுடையதை உப்புக்காற்று வருடத்துக்கு ஒன்றாகத் தின்றது. அவர்கள் புதிது கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார். அந்த முகத்தைப் பார்த்துச் சலித்துப்போய், எல்லா வேலையையும் கீபோர்டிலேயே முடிக்கப் பழகிக்கொண்டாள். சாயங்காலம் மவுஸைத் துடைத்து டிராயரில் வைத்துவிட்டு, வலிக்கிற விரல்களை நீவிக்கொண்டே பஸ் ஏறுவாள்.

புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் அந்த மவுஸைப் புரட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, புத்தம் புதுசா இருக்கு? வேலையே பாக்குறதில்லையோ?” என்றார்.

ஜெசிந்தா அலுப்போடு கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. எல்லாம் அழிந்து வழுவழுவென்று கிடந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

“கீபோர்டை இப்படிப் பாழாக்கி வச்சிருக்கியளே!”