மணல் சாக்குக்குப் பதில் நான்

அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று நான் சொன்னது ஒரு மரச்சீனித் தோட்டத்துக்குள் நின்றுகொண்டு. கார் எனக்குப் பின்னால், நாலைந்து மூடு மரவள்ளிச் செடியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, மூக்கை மண்ணில் குத்தி நின்றது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் செருப்பு ஒன்றை மட்டும் காணோம். ஒற்றைச் செருப்போடு நடந்தே வீட்டுக்கு ஏறினேன்.

திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டின் தலையில் எங்கள் வீடு. அங்கிருந்து ரோட்டுக்கு வர ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரே இறக்கம், அடியில் ஆற்றுப் பாலம். எங்களுடையது பழைய அம்பாசடர். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட்டு பெஞ்சு போல ஒரே நீளம். எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் என் கைப்பையும் குடையும் இருக்கும். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க நான் விட்டதில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டுக்கொண்டு, இடதுகையைக் கம்பியிலிருந்து எடுக்காமல்தான் அவர் இறங்குவார். அது அவர் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். தபாலாபீஸில் முத்திரை குத்திய கைக்கு இவ்வளவு கெத்தா என்று கேலியும் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலுக்கு ஆராதனைக்குப் போகிற வழி. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் போன் செய்தாள். நான் பேசி முடித்து, "இஞ்சேருங்க, ஒங்க மவ" என்று போனை அவரிடம் நீட்டினேன். வாங்கினார். டக்கென்று ஒரு சத்தம். எஞ்சினின் உறுமல் சட்டென்று அடங்கி, வண்டி தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. கியர் நியூட்ரலுக்குத் தெறித்துவிட்டது. பிரேக்கை மிதித்துப் பார்த்தார், அந்த இறக்கத்தில் பழைய பிரேக்குக்கு வேகம் அடங்கவில்லை. பாலத்துக்கு முந்தின வளைவில் அவர் வண்டியைத் தோட்டத்துக்குள் ஒடித்தார்.

எட்டு மாதம் நான் பஸ்ஸில் போனேன். கோயிலுக்கு, சந்தைக்கு, நெய்யூரில் சுகர் பார்க்க, எல்லாவற்றுக்கும் பஸ். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் கார் கடந்து போகும். என் பக்கத்தில் வந்ததும் வேகம் குறையும். நான் வேறு எங்கேயோ பார்ப்பேன். "அந்த மனுஷன் என்னக் கொல்லப் பாத்தாரு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். சில நேரம் அவரும் பக்கத்தில்தான் நிற்பார். ஒரு வார்த்தை பதில் வராது. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வித்துத் தொலையுங்க சவத்த" என்றேன் ஒருநாள்.

"பிரேக்கு சரியாக்கியாச்சு. கியரயும் மாத்தினா நீ ஏறுவியா?"

"பாக்கலாம்" என்றேன். வாயை அடைக்கச் சொன்னதுதான். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

பழைய கியர்பெட்டிக்கு உள்சாமான் எங்கேயும் இல்லை. வேறு பெட்டி மாட்டித் தரச் சொல்லி இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டார். இதற்கெல்லாம் யார் மெனக்கெடுவது, ஆக்கர் கடையில் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடி போட்டுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர், "லாரி எஞ்சினத் தூக்கி போட்டுல வச்சு, ஒட்டாத கியர ஒட்ட வைக்கதுதான சாறே எங்க வேல. கொண்டு வாங்க" என்றாராம். அந்த நம்பிக்கையில், சமீபத்தில் வந்த ஒரு பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பெட்டி ஒன்று எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

டீசல் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் நாசம். திட்டுவதற்காகத்தான் போனேன். மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். திட்ட வந்தது மறந்துபோயிற்று. சாய்வாய் வெட்டிய பற்கள், ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து, அத்தனை சுத்தமாக இருந்தன.

"ஏட்டி, ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்றார்.

கணக்கு டீச்சர் வீட்டில் ஓய்வு பெற்ற பிறகும் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் பக்கத்துத் தண்டில் ஒரு கோடு, சக்கரத்துப் பக்கம் போகும் தண்டில் ஒரு கோடு போட்டார். முதல் கியரில் போட்டுக் கையால் சுற்றினார். நான் எண்ணினேன். இந்தப் பக்கம் மூன்றே முக்கால் சுற்று, அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. நாலாவதில் ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாவதில் இந்தப் பக்கம் ஐந்து சுற்று சுற்றினால் அந்தப் பக்கம் ஆறு. நம்பாமல் மூன்று தடவை சுற்றச் சொன்னேன். மூன்று தடவையும் ஆறுதான். முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் விகிதம் எழுதியிருக்கிறேன். அப்பன் வயசும் மகன் வயசும், பாலும் தண்ணீரும் என்று எத்தனை கணக்கு. விகிதத்தை நான் கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். இதை ஒரு தடவை வகுப்பில் தூக்கிக்கொண்டுபோய் வைத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பித்திருக்கும் என்று ஆற்றாமையும் வெப்ராளமுமாக இருந்தது.

ஆனாலும் காரில் ஏறுவதாக நான் சொல்லவில்லை.

காரும் பெட்டியும் தேங்காய்ப்பட்டணம் போயின. ஒரு மாதம் கழித்து, மத்தியானம் சாப்பிடும்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எஞ்சினையும் புதுப் பெட்டியையும் இணைக்கும் தகடு கடைந்தாயிற்று, பெட்டி உட்கார்ந்தாயிற்று. பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டுக்கு அளவெடுக்க வேண்டும். அதற்கு, வண்டியில் வழக்கமாகப் போகிற ஆட்கள் ஏறி உட்கார வேண்டுமாம்.

"நீ வரமாட்டேண்ணு எனக்குத் தெரியாதா. ஒனக்குப் பதிலா ரெண்டு மணல் சாக்கு வச்சுக்கிடலாம்ணு சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்குப் பதிலா மணல் சாக்கா? மெக்கானிக்கு என்ன சொன்னாரு?"

"ஆளு ஏறாத வண்டிக்கு எதுக்கு சாறே இத்தன பாடுண்ணு கேட்டாரு."

மறுநாள் காலை இரண்டுபேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால் நின்றுகொண்டு.

கடல் பார்த்த ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். கார் ஒரு பள்ளத்துக்கு மேல் நான்கு சக்கரத்திலும் நின்றது. எதற்கு இந்த ஆள்கணக்கு என்று கேட்டேன்.

"டீச்சர், போட்டக் கரையில வச்சு நாங்க தண்டு நேராக்கதில்ல. கரையில அது ஒரு மாதிரி இரிக்கும். தண்ணீல எறக்கி, வலையும் ஐஸும் ஏத்தின பெறகு வேற மாதிரி இரிக்கும். காரும் அப்பிடித்தான். ஆளு இரிந்தா அடியில உள்ள வில்லுப்பட்டை தாழும், சக்கரத்து அச்சு நீங்கும். ஏறி இரிங்க, பைய."

முதலில் காலி வண்டியின் அளவை எடுத்துக் கோடு போட்டார். பிறகு நாங்கள் ஏறினோம். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த சீட்டு. காலடியில், என் பை வைக்கும் இடத்தில், தரையை வெட்டிப் புதுக் கியர் கம்பி முளைத்திருந்தது. மெக்கானிக் எங்கள் அடியில் பள்ளத்துக்குள் படுத்தார். எங்கள் இருவர் பாரமும் அவர் தலைக்கு மேல். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

"ரெண்டு நூல் மாறுது டீச்சர்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. இரண்டு நூல் என்றால் ஒரு அரிசிமணி நீளம். அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த இரும்புக்கு ஒரு அரிசிமணி நீளம் மாறுகிறது. அதைத் தேடி ஒரு மனுஷன் அழுக்கில் கிடக்கிறார்.

மெக்கானிக் அடியிலிருந்து சாதாரணமாகப் பேச்சை எடுத்தார். "சாறே, ஒங்க பழைய பெட்டியப் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டாம் கியரு பல்லு ஒக்கத் தேஞ்சு போச்சு. கைய எடுத்தா தெறிச்சிரும். எத்தர வருஷமாப் பிடிச்சிட்டே ஓட்டினிய?"

என் வீட்டுக்காரர் கண்ணாடி வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருஷம் இருக்கும்."

"ஆறு வருஷமா கை விடாமயா?"

"ஒரு தடவ விட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறக்கத்தில் எடுக்காத அந்தக் கை. போனை நீட்டிய என் கை. ஆறு வருஷம் சொல்லாமல் மறைத்ததற்கு அந்த இடத்திலேயே நாலு கேட்டிருப்பேன். ஆனால் எட்டு மாதம் ஊரெல்லாம் நான் தூற்றியபோது, நீதானே போனைத் தந்தாய் என்று ஒருநாள் கூட அவர் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் நான் எடைக்கு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணீர் வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது.

"டீச்சர், ஆடப்பிடாது, அளவு நீங்குது" என்றார் மெக்கானிக்.

ஆடாமல் இருந்துகொண்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நாந்தான் போனத் தந்தேன். ஏன் சொல்லிக் காட்டல்ல?"

"நாந்தான வாங்கினேன்" என்றார்.

தண்டு மாட்டி வண்டி வந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். பையைத் தரையில் வைக்க இடமில்லை. சீட்டில் எங்கள் நடுவே வைத்தேன். இறக்கத்தின் தலையில் இரண்டாம் கியரில் போட்டார். பாதி தூரம் பழக்கத்தில் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். பிறகு பிடியை விட்டார். நான் சீட்டு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கம்பி அசையவில்லை. எஞ்சின் அதே உறுமலோடு வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது.

மரச்சீனித் தோட்டத்து வளைவில் போன் அடித்தது. மகள்தான். அவர் கையை நீட்டினார். நான் போனைக் கொடுக்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன்.

"பஸ் சத்தமே கேக்கல்ல, எங்க நிக்கியம்மா?"

"அப்பாக்க பக்கத்துல" என்றேன்.

நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் என் பைமேல் வைத்தார். பாலம் வரும்வரை அது அங்கேயே கிடந்தது. எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.