உளுந்துச் செடி மேல் கேட்ட சத்தம்

போன வருஷம் பங்குனி மாதம், கீழ்வேளூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சாலையில் நடந்தது இது. என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் போய்வந்தால் துவண்டுவிடுவார். அதனால் நாற்பத்தாறு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, அவர் ஓட்டிய பழைய காரை நான் ஓட்ட ஆரம்பித்திருந்தேன்.

மாசி மாதத்திலிருந்தே அந்தக் கார் பள்ளத்தில் விழும்போதெல்லாம் 'லொடக் லொடக்' என்று சத்தம் போட்டது. மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாற்றினார். போகவில்லை. லிங்க் என்று எதையோ மாற்றினார். அப்போதும் போகவில்லை. மூன்றாவது தடவை, "வண்டியில ஒண்ணும் இல்லக்கா. நீங்க பள்ளத்துல பாத்து எறக்குங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! அன்று வீட்டுக்கு வரும் வழியில் கணவரும், "பேசாம பஸ்லயே போயிடுவோமா?" என்று கேட்டார். ஆறு மாதம் கிளட்சோடு மல்லுக்கட்டியது இதற்குத்தானா? விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிக்கியைக் காலி செய்தேன். ஜாக்கியைப் பழந்துணியில் சுற்றினேன். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக்கூட, மாதா மன்னிக்கட்டும் என்று கழற்றிப் பைக்குள் வைத்தேன். எந்த ரோடு, என்ன வேகம், பிரேக் போட்டபோதா திருப்பும்போதா என்று நோட்டில் எழுதினேன். ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் ரோட்டில் டயர் போடும் இரைச்சலே எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

டயாலிசிஸுக்கு முதல் நாள் காலை, பெட்ரோல் போடக் கிளம்பினேன். ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் காய் உடைந்து உளுந்து உதிரும். எனக்கு இந்த வேலையே ஆகாது. செடி சக்கரத்தில் சுற்றிக் கார் தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். தாண்டியதும் காரை நிறுத்திவிட்டுச் சண்டைக்கே போனேன்.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் பொரிந்து தள்ளியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்புதாங்க. பக்கத்துல களம் இல்ல, என்ன பண்றது? ஆனா உங்க வண்டியில இடது பக்கம் முன்சக்கரம் சத்தம் போடுதே, கவனிச்சீங்களா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"காலையிலேர்ந்து வண்டி சத்தத்தத்தானே கேட்டுக்கிட்டு நிக்கிறேன். உங்களது குவியல்ல ஏறும்போது போடல, எறங்கும்போது போடுது. இன்னொரு தடவ ஏத்துங்க, பாப்போம்."

ஏற்றினேன். குனிந்தபடியே சக்கரத்தோடு நடந்து வந்தார். செடியின் மேல் டயர் இரைச்சல் அடங்கிவிட, 'லொடக்' மட்டும் தனியாக எனக்கும் கேட்டது. ஆமாம், இறங்கும்போதுதான்! நாலு தடவை போய்வந்தோம், நாலு தடவையும் அப்படியே. "போதுங்க, கண்டுபிடிச்சாச்சு. எனக்கும் பாதிச் செடி அடிச்சாச்சு" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காருக்கு அடியில் சிக்கியிருந்த கொடியை அவரே உருவிப் போட்டு அனுப்பி வைத்தார்.

நேராக மெக்கானிக்கிடம் போய், இடது முன்சக்கரம், இறங்கும்போது மட்டும், என் கண்ணெதிரில் பாருங்கள் என்று நின்றுகொண்டேன். அதுவரை சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் ஆட்டிப் பார்த்திருக்கிறார். இப்போது ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். 'லொடக்!' சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகமே மாறிவிட்டது. "இது கழண்டா சக்கரம் மடங்கிடும்க்கா. நான்தான் சரியா பாக்கல" என்றார். அன்று மாலைக்குள் புதிது போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது கார் சத்தமே போடவில்லை. என் கணவர் வீடு வரும்வரை தூங்கினார். ஜெபமாலை மறுபடி கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது.

ரோட்டில் செடி கிடந்தால் எனக்கு இன்றும் பயம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அன்று நான் கத்தியதற்கு அந்தப் பெண்ணும் பதிலுக்குக் கத்தியிருந்தால், சண்டையில் ஜெயித்த திருப்தியோடு மறுநாள் அதே சக்கரத்தில் என் கணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பேனே என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.