பெரணி அறையின் ஜன்னல்

என் மனைவி இறந்த ஆண்டில், ஐப்பசிக்குள் கிழக்கு அறையின் ஜன்னலை மழை புகாதபடி மாற்றிவிட வேண்டும் என்ற கெடு எனக்கு இருந்தது. கெடு வைத்தவள் மகள். அந்த அறையின் அலமாரியில் என் மனைவி பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பெரணி இலைகள் இருந்தன. எங்கள் மலையில் கொட்டச்சேட்டுக்கும் தலைச்சோலைக்கும் சேர்வராயன் கோயில் பாதைக்கும் நடந்து பறித்து, செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, கீழே இடத்தையும் நாளையும் பென்சிலால் எழுதி வைத்தவை. தையில் அவள் போனாள். வைகாசியில் கோடை மழை உள்ளே அடித்து, அடித்தட்டில் இருந்த ஏழு தாள்களில் பூஞ்சணம் படர்ந்தது. விடுமுறைக்கு வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னாள். அவள் சொன்னதில் தவறில்லை. நான் தயங்கியதும் ஜன்னலை மாற்ற ஐப்பசிவரை கெடு தந்தாள். ஐப்பசி மழையில் அறைக்குள் தண்ணீர் வந்தால் நானே கட்டி அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊரில் நல்ல தச்சர் என்று நான் நம்பியவர் ஓர் எஸ்டேட் பங்களாவின் வேலையில் கார்த்திகைவரை மாட்டிக்கொண்டிருந்தார். அது வெளியில் சொன்ன காரணம். அந்த அறைக்குள் வேறொருவர் பத்து நாள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பதை நான் விரும்பவில்லை என்பதே உண்மை.

வீடு பழையது. ஜன்னலின் கதவுகள் உளுத்திருந்தன. சட்டம் மட்டும் தேக்கு, உறுதியாக இருந்தது. ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு, சில்வர் ஓக் பலகையில் நானே இரண்டு கதவுகள் செய்தேன். கல்லூரியில் முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்தவன், ஒரு கதவை நான்கு முறை இழைத்தேன். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி, இடுக்கை அடைக்கும் பசையான மக்கைப் பூசினேன். கதவு சட்டத்தில் படியும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து ஒட்டினேன்.

கடைவீதியில் ஆணியும் மக்கும் விற்ற பாய் என் வயதுக்காரர். மூன்றாவது முறை மக்கு வாங்கப் போனபோது தராசைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க சார், ஊட்டுக்குத்தான் ஜன்னல் போடறீங்களா, இல்ல கப்பலுக்குங்களா?”

“ஊட்டுக்குத்தான் பாய்.”

“நம்ம கடையிலிருந்து போன மக்குக்கு ஒரு கப்பலே மெதக்குமுங்க. நொம்ப அடைக்காதீங்க சார். கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

நான் சிரித்தேன், கேட்கவில்லை. சட்டத்தின் கீழ்க்கட்டையில், கதவுக்கு உட்புறமாக, நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது. அந்தப் பள்ளத்தின் அடியில் பென்சில் பருமனில் இரண்டு துளைகள் வெளிப்பக்கமாகச் சரிந்து சென்றன. வண்டு அரித்தவை என்று முடிவு செய்து, மிச்சமிருந்த மக்கால் இரண்டையும் அடைத்தேன். அவை இரண்டு ஓரங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் இருந்தன. எந்த வண்டும் அப்படி அளந்து துளைக்காது என்பது அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம், ஒரு பிற்பகலில் வாடைக்காற்றோடு மழை பிடித்தது. ஒரு மணி நேரம் நாற்காலியைப் போட்டு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி ஓரத்தில் ஒரு துளி இல்லை. மகளுக்கு எழுதவேண்டிய வாக்கியங்களை மனத்துக்குள் அமைக்கத் தொடங்கினேன். காப்பி குடிக்க எழுந்து போனபோது, வீட்டு வேலைக்குத் தலைச்சோலையிலிருந்து வரும் அம்மாள் அறையிலிருந்து கூப்பிட்டார்.

“ஐயா, தண்ணி உள்ளாற வருதுங்க.”

காற்றின் வேகத்தில் ரப்பரையும் மீறிக் கசிந்த நீர் கீழ்க்கட்டையின் பள்ளத்தில் சேர்ந்து, தொட்டிபோல நிரம்பி, விளிம்பு வழியாகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அலமாரி இரண்டடி தள்ளி. நாங்கள் இருவரும் முதலில் அதைத்தான் இழுத்தோம். பிறகு அவர் பழந்துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தார்.

“இவ்வளவு தண்ணி நான் பாத்ததில்லைங்க. அந்தப் பழைய கதவு ஆடிக்கிட்டு கெடந்தப்பக்கூட, அம்மா இருந்த வரைக்கும் இந்தக் குழியில தண்ணி நிக்காதுங்களே.”

துணியை வாங்கிக்கொண்டு குனிந்தேன். தெளிந்த நீருக்கு அடியில் நான் பூசிய இரண்டு வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. அப்போதுதான் நினைவு வந்தது. ஆண்டுதோறும் மழைக்கு முன் என் மனைவி துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு இந்த ஜன்னலருகே நிற்பாள். தூசி எடுக்கிறாள் என்று நினைத்து நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஒரு முறையும் கேட்டதில்லை. அந்த வைகாசியில் துளைகளில் அடைந்த தூசியைக் குத்தி எடுக்க அவள் இல்லை.

நீண்ட ஆணி ஒன்றை எடுத்துக் குத்தினேன். மேலே இறுகியிருந்த மக்கு உள்ளே இன்னும் இளக்கமாகவே இருந்தது. முதல் துளை திறந்ததும் பள்ளத்து நீர் சிறு சுழலாகி வெளியேறியது. இரண்டாவதும் திறந்தபின், வாளியோடு நின்ற அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“போயிருச்சுங்க.” சற்று நின்று, “அடைச்சது யாருங்க?” என்றார்.

“நான்தான்.”

“நல்ல வேலைங்க,” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மழை மேலும் நான்கு நாள் நீடித்தது. காற்று அடித்தபோதெல்லாம் பள்ளத்தில் நீர் சேர்ந்தது, துளை வழியே போனது. சுவர் உலர்ந்தது. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். புதிதாக எதிலும் ஈரமில்லை. மழை விட்ட நாளின் மதியம், பல மாதங்களுக்குப் பிறகு, நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

கடைவீதியில் பாய் கேட்டார்: “கப்பல் கரை சேந்துச்சுங்களா சார்?”

“ஓட்டை போட்ட பொறகு சேந்துச்சு பாய்.”

மகளுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். தண்ணீர் ஒரு முறை உள்ளே வந்ததையும், வாக்குப்படி அவள் கேட்டால் அனுப்பிவிடுவதையும். மார்கழி இறுதியில் அவளே வந்தாள். அலமாரியைத் திறந்து அடித்தட்டுத் தாள்களை விரலால் தடவினாள். பென்சில் எழுத்தைச் சற்று நேரம் படித்தாள்.

“இங்கயே இருக்கட்டும்ப்பா,” என்றாள்.

பிறகு ஜன்னலைத் திறக்கப் போனாள். பனியில் மரம் உப்பியிருந்தது, அசையவில்லை.

“என்னப்பா இது, தொறக்கவே மாட்டேங்குது?”

“இழைக்கணும், கண்ணு. இன்னும் ஒரு தடவை.”

இருவருமாகத் தள்ளினோம்.