காலி வீடுகளுக்கு வந்த குடித்தனம்

இடது உள்ளங்கை அந்தக் குட்டி வீட்டின் பின்சுவரைத் தாங்கியிருந்தது. வலது கட்டைவிரல் அதன் வாசலில் சிமென்ட் கலவையை அழுத்தி அடைத்துக்கொண்டிருந்தது. வாசலின் நடுவில் ஒரு மரமுளை செருகியிருந்தது. கலவை இறுகத் தொடங்கும் நேரம் பார்த்து, விரல்கள் முளையை அவசரமில்லாமல் திருகி எடுத்தன. வட்டமாக ஒரு துளை நின்றது. ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றித் துளையின் விளிம்பை உள்ளும் புறமும் வழித்தன. நுழைகிற பறவையின் நெஞ்சு கீறக் கூடாது. கூரையைக் கழற்றி வைத்திருந்ததால், மேலிருந்தே ஒரு வளைந்த கம்பியை விட்டு, துளைக்குக் கீழே உட்சுவரைச் சொரசொரப்பாக்கின. குஞ்சுகள் ஏறி வர அது வேண்டும்.

கைகள் ப்ரயோங்குடையவை. பாங்காக்கின் மேற்கே, கால்வாய்க்கரையில் இருக்கும் எங்கள் சந்தில் சாமி வீடு வார்க்கிற பெண்மணி அவர். ஒவ்வொரு மனைக்கும் ஒரு காவல் சாமி உண்டு. அதற்குத் தூணின் மேல் சிறு வீடு கட்டி, ஊதுபத்தி ஏற்றி, சிவப்பு சோடா வைப்போம். ப்ரயோங் வீடு வார்க்கும் அச்சுகளைக் கழுவும் வேலையில் சேர்ந்தவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. உடைந்து திரும்பி வந்த வீடுகளைப் பார்த்து, எங்கே விரிசல், எதனால் விரிசல் என்று துருவித் துருவியே தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

சாமி வீடு பழசானால் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் கொண்டுபோய் வைத்த இடம், கூரை ஓடு செய்யும் கம்பெனியின் கிடங்குக்குப் பின்னால் இருந்த மனை. அங்கே ஒரு பெரிய அரசமரம். அதன் அடியில் சாய்ந்தும் கவிழ்ந்தும் நூற்றுக்கு மேல் வீடுகள் சேர்ந்துவிட்டன. விவசாய நிலம் என்று காட்டி நிலவரியைக் குறைக்கக் கம்பெனி நட்டிருந்த வாழைகள் காய்ந்து நின்றன. மீதி இடமெல்லாம் பிளாஸ்டிக்கும் பழைய மெத்தையும்தான்.

அந்த மனையைக் குருவியும் தவளையும் தட்டானும் வாழ்கிற தோட்டமாக்கலாம் என்று கம்பெனியே முன்வந்தது. மண், கன்று, குளம் வெட்டும் செலவு அவர்களுடையது. வேலையும் பராமரிப்பும் எங்களுடையது. மழைக்காலம் தொடங்கும்போது சந்துக்காரர்கள் வந்து தோட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காவிட்டால் இடம் கார் நிறுத்தப் போய்விடும். அதற்குக் கேட்டு ஆள் வந்தாயிற்று. கூட்டத்தில் எழுந்து, "நாங்க பாத்துக்கிறோம்" என்று சந்தின் பேரில் வாக்குக் கொடுத்தவர் ப்ரயோங்.

முதல் நாளே வேலை நின்றது. மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டி வந்தவர் அரசமரத்தடியைப் பார்த்தார். இறங்கினார். கைகூப்பி வணங்கினார். திரும்ப ஏறி, வந்த வழியே போய்விட்டார்.

ப்ரயோங் வெள்ளை உடுத்திய பூசாரி ஒருவரை அழைத்து வந்தார். பன்றித்தலை, வாழைப்பழம், தேங்காய், பூமாலை எல்லாம் வைத்து, வீடுகளில் இருந்த சாமிகளை முறைப்படி விடைகொடுத்து அனுப்பினார்கள். இயந்திரம் திரும்பி வந்தது. குளம் வெட்டியாயிற்று, கன்றுகள் நட்டாயிற்று. ஆனால் சனிக்கிழமை வேலைக்கு வரும் கூட்டம் வாரத்துக்கு வாரம் மெலிந்தது. கடைசியில் ப்ரயோங்கும், கம்பெனியின் தோட்டப் பொறுப்பாளர் டாரினும் மட்டும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

ப்ரயோங் நேரே சந்து முனைக்குப் போனார். அங்கே ஆரஞ்சுச் சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர்களின் தலைவர் தவின் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தில் எந்தப் பேச்சும் அவர் வாயைத் தாண்டித்தான் போகும்.

"ஏன்டா தவின், மண்வெட்டி கடிக்குமா?"

"மண்வெட்டி கடிக்காதுக்கா. நீ செஞ்ச வேலைதான் கடிக்குது."

"நான் என்ன செஞ்சேன்?"

"முன்னாடி அந்த வீட்டுல எல்லாம் சாமி இருந்துச்சு. பயந்தாலும் மரியாதையா பயந்தோம். நீ பூசாரியக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் காலி பண்ணிட்ட. காலி வீட்டுல எந்தப் பேய் வந்து படுக்குமோ யாரு கண்டா?"

சாமி வீடு வாங்க வருகிறவர்களிடம், "ஒரு நாள்கூடக் காலியா வெக்காதீங்க, கண்டது குடியேறிடும்" என்று சொல்லிச் சொல்லி விற்றவரே ப்ரயோங்தான்.

"இந்த வீடுகள உடைச்சுக் குளக்கரைக்குப் போட்டுடலாமாக்கா?" என்று, மனைக்குத் திரும்பி வந்தவரிடம் டாரின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சுத்தியல யார் கையில குடுப்பீங்க? என்னால முடியாது."

இரண்டு நாள் அந்த மரத்தடியிலேயே சுற்றி வந்தார் ப்ரயோங். கூரை பிளந்த ஒரு வீட்டில் பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. இன்னொன்றில் குளவி கட்டிய மண்கூடு. மூன்றாம் நாள் டாரினிடம், "காலியா இருக்கறதுதானே பிரச்சினை? குடித்தனம் வெச்சுருவோம். எந்தக் குருவிக்கு எவ்வளவு வாசல் வேணும், சொல்லுங்க" என்றார்.

டாரின் அளவு சொன்னார். குண்டுகரிச்சானுக்கு ஒன்று, மைனாவுக்கு ஒன்று, சிட்டுக்குருவிக்குச் சிறியது. ப்ரயோங் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு மரமுளை சீவிக்கொண்டார். வாசல்களை அடைத்தார், அடியில் நீர் வடியத் துளையிட்டார், தூண்களில் ஏற்றினார். மைனாக்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. எதுவும் தங்கவில்லை.

ஒரு உச்சி வெயிலில் ப்ரயோங் கூரையைத் தூக்கி உள்ளே கைவிட்டார். சுட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சாமிக்குச் சுடாது. அதனால இத்தனை வருஷம் நான் இதை யோசிக்கவே இல்ல" என்றார்.

"எங்க கிடங்குல மூளி ஓடு குவிஞ்சு கிடக்குக்கா. மேல இன்னொரு கூரையா போட்டா?"

"போடலாம். ரெண்டுக்கும் நடுவுல காத்து போக இடம் விடணும்."

மறுநாள் கம்பெனி வண்டி ஓடுகளைக் கொண்டுவந்து இறக்கியது. ப்ரயோங் ஒவ்வொரு கூரையின் மேலும் நான்கு மூலையில் சிமென்ட் குமிழ் வைத்து, அதன்மேல் ஓட்டைப் படியவைத்தார். வீடுகளையெல்லாம் மரத்தின் கிழக்கு நிழலுக்கு மாற்றினார். இதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. மழைக்கு அதிக நாள் இல்லை.

தண்ணீர் இறைக்கும் புதுவருஷத் திருநாள் முடிந்த வாரம், ஒரு குண்டுகரிச்சான் ஜோடி பச்சைக்கூரை வீட்டுக்குள் புல் கொண்டுபோனது. ப்ரயோங் யாரையும் கூப்பிடவில்லை. சாயந்திரம் தவினைப் பார்த்து, "உங்க பழைய பச்சைக்கூரை வீட்டுல ஆள் வந்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

தவின் அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்தி, இறங்காமலே பார்த்தார். ஆண் பறவை வாலை நிமிர்த்திக்கொண்டு கூரைமேல் நின்று பாடியது.

"வாடகை எவ்வளவுக்கா?"

"கொசு, புழு. மாசம் தவறாம."

"எங்க வீட்டம்மா வெச்சுக் கும்பிட்ட வீடு அது." பைக்கை விட்டு இறங்கினார். "பெரிய குடும்பமா?"

"உள்ள வந்து பாரு. எட்டி நின்னு பாரு, தாய் மிரளும்."

தவின் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். அன்று ராத்திரிக்குள் செய்தி சந்தெல்லாம் பரவிவிட்டது. ஆளாளுக்குத் தாங்கள் கொண்டுவந்து வைத்த வீட்டைத் தேடி வந்தார்கள்.

"எங்க சிவப்புக்கூரைல யாரு?"

"மைனா."

"மைனாவா? சத்தம் தாங்காதே."

"உங்க வீட்டுக்கு ஏத்த ஆளுதான்" என்றார் தவின்.

தன் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று சோறு சமைத்து விற்கிற அம்மாள் ஒருவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதில் ஒரு பெரிய மரப்பல்லி குடிவந்து ஏழுமுறை கூப்பிட்டதாம்; ஏழு என்றால் எங்கள் பக்கத்தில் அதிர்ஷ்டம். லாட்டரி அடித்ததுபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சனிக்கிழமைகளில் மண்வெட்டி போதவில்லை. குளத்தில் அல்லி இலை விரிந்தது, தலைப்பிரட்டைகள் ஓரம் முழுக்கக் கறுத்தன.

முதல் மழை பெய்து ஓய்ந்த காலை, கம்பெனி ஆட்கள் வந்தபோது சந்தே தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. கார் நிறுத்த இடம் கேட்டவரும் வந்திருந்தார். நிற்க இடமில்லாமல் வேலியோரம் நின்றார்.

"தோட்டத்தை ஏத்துக்கிறீங்களா?" என்று டாரின் கேட்டார்.

"இதென்ன கேள்வி, குஞ்சு பொரிச்சாச்சு" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

டாரின் வாசற்கதவின் சாவியை ப்ரயோங்கிடம் நீட்டினார். ப்ரயோங் வாங்கினார். ஒருமுறை கதவைப் பூட்டித் திறந்து, பூட்டு இறுகாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு சாவியைத் தவினின் கையில் வைத்தார்.

"காலைல சீக்கிரம் தொற. பூனைய உள்ள விடாத."

தவின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.