நயினாதீவில் இருபது கிலோக் குழந்தை

2004 பங்குனியில் நயினாதீவுக்குப் போனேன். கோயிலுக்கல்ல. வீடு வீடாகப் போய்த் தாய், பிள்ளை நலம் பார்க்கும் தீவுப்பகுதி மருத்துவமாதர் ஒன்பது பேருக்கு, சின்னப் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பருக்காமல் தடுப்பது பற்றி ஒருநாள் பயிற்சி கொடுக்க. மருத்துவராக நான் நடத்தும் முதல் பயிற்சி. முந்தின இரவு நித்திரையே வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் காலை 6.30க்கு பஸ். குறிகட்டுவான் முப்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும், 7.50க்கு இறங்கினேன். இறங்குதுறையில் கடற்படைச் சோதனை. பயிற்சியில் காட்ட எடுத்துப்போன பால்போத்தல்களும் சீனிப் பைகளும் என் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வர, சிப்பாய்க்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. படகுக்குப் பத்து ரூபாய், இருபது நிமிடம். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

தீவு மருத்துவமனை அறையொன்றில் ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். பத்து நிமிடம்கூடப் போகவில்லை. ஒன்பது பேரில் ஒருவர், நெடுந்தீவிலிருந்து வந்திருந்த ஜெசிந்தா, எழும்பினார். முப்பது வயதிருக்கும், மீன்பிடிக் குடும்பத்துப் பெண்.

"டொக்டர், குறை நினைக்காதேங்கோ. நிறை காணாத பிள்ளையளுக்குச் சத்துமா குடுத்துத் திரியிறனாங்கள். நாங்களே போய்ச் சாப்பாட்டைக் குறையுங்கோ எண்டால் சனம் எங்களை நம்புமோ?"

மற்றவர்கள் "ஓம், ஓம்" என்றார்கள். உள்ளூர் மருத்துவமாதுதான் வழி காட்டினார்: "இஞ்ச பக்கத்தில ஒரு பிள்ளை இருக்கு. பாத்திட்டுக் கதைப்பமே?"

பத்துப் பேரும் நடந்தோம். இரண்டரை வயதுப் பையன், இருபது கிலோ. சுகாதார அட்டையில் நிறைக்கோடு மேல் விளிம்பில் முட்டி நின்றது. தகப்பன் சுவிஸில் உழைத்துக் காசு அனுப்புகிறார். தாய் கையில் பால்போத்தல், அதற்குள் நாலு கரண்டி சீனி. நான் வாயைத் திறக்கமுன் அவரே உள்ளூர் மருத்துவமாதிடம் சொன்னார்:

"சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து இருக்கேக்க மூத்தவளுக்குப் பால்மா கிடைக்கேல்லை, மிஸ்ஸி. எலும்பும் தோலுமாத்தான் வளந்தவள். இவனுக்கு அப்பிடி வரக்கூடாது."

ஜெசிந்தா நிலத்தில் அமர்ந்து பையனை மடியில் இழுத்துக்கொண்டார்.

"இவன் பசிக்குதெண்டு எப்பிடி அக்கா கேப்பான்?"

தாய் போத்தலைக் கீழே வைத்தார்.

"கேக்க விட்டதில்லை, மிஸ்ஸி. அதுக்கு முதலே குடுத்திடுவன்."

"அப்ப ஒருக்கா அவன் வாயால கேக்கட்டுமே. கேட்டாப் பிறகு வயிறு நிறையக் குடுங்கோ. ஒண்டும் பறிக்கச் சொல்லேல்லை."

தாயின் கண் கலங்கியது. பிறகு மெல்ல, "சீனியையும் குறைச்சுப் பாக்கட்டோ?" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது!

திரும்பி வந்து என் தாள்களை ஓரமாக வைத்தோம். மாலை நாலு மணிவரை ஜெசிந்தாவின் அந்தக் கேள்வியையே ஆளுக்கு ஆள் தாயாகவும் மருத்துவமாதாகவும் மாறிமாறிக் கேட்டுப் பழகினோம். ஒருவரும் நேரம் பார்க்கவில்லை. கடைசிப் படகை ஓடித்தான் பிடித்தோம்.

இப்படிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: கடைசிப் படகு நேரத்தைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். தீவில் மின்சாரம் எப்போதும் இராது, அதை நம்பிப் போகாதீர்கள். அரை நாளை வீடுகளுக்கு ஒதுக்குங்கள். மேடையில் நின்று பேசியிருந்தால் நான் ஒன்றும் அறியாமல் திரும்பியிருப்பேன்.

இரண்டு மாதத்தில் உள்ளூர் மருத்துவமாதிடமிருந்து செய்தி வந்தது: பையனின் நிறை அதற்கு மேல் ஏறவில்லை, முற்றத்தில் ஓடித் திரிகிறான். அடுத்த பயிற்சி நெடுந்தீவில். அதை ஜெசிந்தாதான் நடத்தினார். நான் பின்வரிசைக் கதிரையில் இருந்து குறிப்பெடுத்தேன்.