ஜெரேனியத்துக்குத் தைத்த திரை

முன்னறையில் கத்தரிக்கோல் 'கறுக்' என்றது. சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த தையல்காரருக்குக் கை அப்படியே நின்றது. நாற்பது வருடம் துணி வெட்டியவர். இது துணி வெட்டும் சத்தமில்லை.

ஓடி வந்தார். இறந்துபோன மனைவியின் தங்கை, ஜன்னலோரம் இருந்த மூன்று ஜெரேனியப் பூந்தொட்டிகளின் முன் குனிந்திருந்தாள். தரையெல்லாம் பச்சைக் கிளைகள்.

"என்ன காரியம் பண்ணிட்டே? அது துணிக்குன்னு வச்சிருக்கற கத்திரி."

"கத்திரிக்கு ஒண்ணும் ஆகல மாமா. செடிக்குத்தான் ஆயிருக்கு. இலை குடை மாதிரி விரிஞ்சு நிக்குது, மொட்டு ஒண்ணுகூடக் காணோமே."

பிடிபட்டவர்போல் நின்றார். மூன்று தொட்டிகளும் மனைவி வளர்த்தவை. அவள் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் மூன்று வேளை மருந்து கொடுத்த கை, அவள் போன பிறகு அதே வேளைகளில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பழகிவிட்டது. வெயில் சுடுமே என்று ஜன்னலுக்குக் கனத்த துணியில் திரை வேறு தைத்துப் போட்டிருந்தார். அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்க அவைதான் இருந்தன.

"பூக்கலேன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்னு போன தடவையே சொன்னேன்ல? கூடையோட வந்திருக்கேன்."

"எடுத்துட்டுப் போயிடாதே." பக்கத்துத் தொட்டியைப் பற்றிக்கொண்டார். "இங்க எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் திரையை உருவினாள். வெயில் அறைக்குள் கொட்டியது.

"இதுக்கு வெயில்தான் சாப்பாடு. மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. நீண்டு போன கிளைய வெட்டிவிட்டா பக்கத்துல துளிர்த்துப் பூக்கும். வாடின கொத்தை அன்னிக்கே எடுத்துடணும்."

கத்தரி மூன்றாவது தொட்டிப் பக்கம் போனது. அதில் பழுப்பாகக் காய்ந்த ஒரே ஒரு பூங்கொத்து. அவர் கையைக் குறுக்கே வைத்தார்.

"அது வேண்டாம்மா. அவ கடைசியாப் பாத்த பூ."

"அக்காவா? வாடின உடனே கிள்ளி எறிஞ்சிருப்பா. விட்டுவச்சதுக்கு உங்களையும் நாலு வாங்கு வாங்கியிருப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். கத்தரியைத் தானே வாங்கிக் காம்பின் அடியில் வைத்தார். வெட்டினார். உள்ளங்கையில் விழுந்த கொத்துக்கு எடையே இல்லை.

அவள் கீழே கிடந்த கிளைகளில் நாலைந்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

"இத நான் நட்டுக்கறேன். தொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்."

"பஸ் போயிடும் மாமா."

படியிறங்கிய செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை மட்டும் திரும்பப் போடவில்லை.