மேசியா விவாதமும் என் ‘தெரியாது’வும்

இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, பட்டப்பகலில், ஒரு பச்சைப் பொய் சொன்னேன்.

“பளீல் நானாவைத் தெரியுமா?” என்று ஒருவர் கேட்டார். “தெரியாதுங்க” என்றேன்.

பத்து வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் யாரோடு உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறேனோ, அந்தப் பளீல் நானாவைத்தான்!

ஏன் சொன்னேன்? கொஞ்சம் பொறுங்கள். முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கண்டிக்குக் கிட்ட கெலிஓயா. அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடைகள். ஒன்று பளீல் நானாவின் ஹாட்வெயார் கடை. மற்றது யேசுதாசனின் டீவி ரிப்பேர் கடை. யேசுதாசன் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஹார்மோனியம் வாசிப்பார். சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் பளீல் நானா ரிப்பேர் கடைக்கு வந்துவிடுவார். நானும் போய்விடுவேன். மூன்று கதிரை, மூன்று பிளேன்டீ, ஒரே தலைப்பு... மேசியா!

வந்தவர் யார்? வரப்போகிறவர் யார்? பழைய தீர்க்கதரிசிகள் சொன்னது யாரை? ஊரில் மற்றவர்கள் கிரிக்கெட் பேசுகிற நேரத்தில் இவர்கள் இதைப் பேசுவார்கள்.

விவாதத்துக்கு ஒரு விதி உண்டு. சொந்த வேதத்தைத் திறக்கக்கூடாது. அடுத்தவர் வேதத்திலிருந்துதான் வாதாட வேண்டும். அதனால் பளீல் நானா கையில் பைபிள் இருக்கும். யேசுதாசன் சோப்புப் போட்டு ஈயக் கறை போகக் கைகழுவிவிட்டு, தமிழ்க் குர்ஆனை எடுப்பார். புதிதாகப் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும்.

சரி, யூதர் தரப்பை யார் பேசுவது? கெலிஓயாவில் யூதருக்கு எங்கே போவது? “சேர் இந்து. எந்தப் பக்கமும் சாயாத ஆள். நீங்களே பேசுங்க” என்று பளீல் நானா என் தலையில் கட்டிவிட்டார். என்னை அவர் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார். நானும் விளையாட்டாக ஏற்றுக்கொண்டு, கண்டி லைப்ரரியில் யூத அறிஞர்களின் விளக்கங்களைத் தேடிப் படித்து, கடைசியில் வினையாகவே வாதாட ஆரம்பித்துவிட்டேன்.

“தாசன், ஒங்கட பைபிள்லயே ஈக்குது பாருங்க. மூஸா நபியப் போல இன்னொருத்தர், சகோதரர்கள்ள இருந்து வருவார்ண்டு. சகோதரர் ஆரு? இஸ்மாயில் நபிட வழி தானே?” என்பார் பளீல் நானா.

“நானா, உங்க குர்ஆன்ல இயேசுவைத்தானே மஸீஹ்னு சொல்லியிருக்கு? பிறகு என்னா வழக்கு?” என்பார் யேசுதாசன்.

என் முறை வரும். “மேசியா வந்தா யுத்தம் ஒழியணும். வாளையெல்லாம் கலப்பையா அடிக்கணும். இன்னைக்குப் பேப்பரைப் பாருங்க. ஒழிஞ்சிருக்கா? அப்ப அவர் இன்னும் வரலை!”

உடனே இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். “அவர் திரும்பி வருவார், அப்ப ஒழியும்!” இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்கிறீர்கள்!

இப்போது பொய்க்கு வருகிறேன்.

அதற்கு முன் என் குணத்தைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் கிளார்க் வேலை. விண்ணப்பப் படிவத்தில் பொய்யைத் தேடுகிற மேசை. பென்ஷன் வந்தும் அந்தக் கண் போகவில்லை. மரக்கறிக்காரர் சிரித்தால்கூட, தராசைப் பார்ப்பேன்.

அந்தக் கண்ணில்தான் அவர் பட்டார். எதிர் ஹோட்டலில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர். ஒட்ட வெட்டிய முடி, தேய்த்த சேர்ட், பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். ஒரு சனிக்கிழமை இருந்தார். சரி, யாரோ என்று விட்டேன். அடுத்த சனிக்கிழமையும் இருந்தார். மூன்றாம் சனிக்கிழமையும்... எங்களையே பார்த்துக்கொண்டு!

இந்த நாட்டில் மூன்று பேர் மதத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசினால், நாலாவது ஆள் யாராக இருப்பான்? புலனாய்வு! வேறென்ன? முஸ்லிம் ஒருவர் பைபிளோடு, கிறிஸ்தவர் ஒருவர் குர்ஆனோடு, நடுவில் ஒருவன் யூதர் தரப்பு பேசிக்கொண்டு... உலகம் இருக்கிற இருப்பில் இதை யாரிடம் போய் விளக்குவது?

அன்று பின்னேரம் பளீல் நானா அஸர் தொழப் போனதும் நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த மனிதர் பின்னாலேயே வந்தார். சலாம் இல்லை, வணக்கம் இல்லை, நல்ல சுத்தமான தமிழில் கேட்டார்.

“பளீல் ஹாஜியாரைத் தெரியுமா? எவ்வளவு காலமா இங்க இருக்கிறார்? வீட்டில் யார் யார்? வெளிநாட்டில் யாரும் இருக்கிறாங்களா? பைபிள் எல்லாம் வாசிக்கிறாராமே?”

பாருங்கள் கேள்விகளை! நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

“எனக்கு அவரைத் தெரியாதுங்க. டீ குடிக்க வந்தேன்.” பஸ் வந்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஏறிவிட்டேன். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று வீடு வரைக்கும் பெருமை வேறு.

புதன்கிழமை யேசுதாசன் போன் பண்ணினார். குரலே சரியில்லை.

“அண்ணே, நானா என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாரு. அவரு மக ரிஸ்னாவுக்குக் கம்பளையில ஒரு இடம் பேசியிருக்காங்க. முடிவாகிற வரைக்கும் யாருக்கும் சொல்லலியாம். அந்தப் புள்ள ரெண்டு மூணு இடம் வேண்டாம்னுட்டு, இதைத்தான் ஆசைப்பட்டுச் சம்மதிச்சிருக்கு. இப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்வாங்கிட்டாங்க. யாரோ கூட்டாளிகிட்டயே விசாரிச்சாங்களாம். அந்த ஆளு ‘தெரியாது’ன்னுட்டானாம். நானா என்னைத்தான் சந்தேகப்படுறாருண்ணே! யாரு அந்தப் பாவின்னு தெரிஞ்சா...”

பாவி போனைக் காதில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண விசாரிப்பில் நம்மில் யாரும் ‘ஆள் சரியில்லை’ என்று வாய் திறந்து சொல்வதில்லை. ‘நமக்குத் தெரியாதுங்க’ என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். நானே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்! பொலிஸ் விசாரணைக்கும் கல்யாண விசாரிப்புக்கும் கேள்விகள் ஒன்றுதான். பதிலுக்குத்தான் அர்த்தம் வேறு.

வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்று நான் காப்பாற்றப் பார்த்தது பளீல் நானாவையா, என்னையா? என்னைத்தான்.

நேரே கெலிஓயாவுக்குப் போனேன். ஹாட்வெயார் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். யேசுதாசனும் வந்து நின்றார்.

“அடப்பாவமே! பேதுருவாவது ஆண்டவரைத் தெரியாதுன்னுட்டு அழுதாரு. நீங்க பஸ் ஏறிட்டீங்களேண்ணே!” என்றார்.

பளீல் நானா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு பூட்டை எடுத்துத் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“பத்து வருஷமா ‘இன்னும் வரல்ல, இன்னும் வரல்ல’ண்டு வாதாடினீங்க சேர். சும்மா கேட்டுட்டு ஈந்தேன். என்ட வாசலுக்கு நல்லதொண்டு வரக்குள்ள, நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்க.”

பிறகு யேசுதாசன் பக்கம் திரும்பி, “தாசன், மன்னிச்சுக்கோங்க” என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன்?

மறுநாள் காலை, மாப்பிள்ளை வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு பஸ்ஸில் கம்பளை போனேன். மகாவலி ஆற்றுப் பக்கமாக ஒரு பழைய வீடு. கதவைத் திறந்தவர் அதே ஒட்ட வெட்டிய முடிக்காரர்! மாப்பிள்ளையின் சாச்சாவாம், வாப்பாவின் தம்பி. ரிட்டயர்ட் பிரின்சிபல். நோட்டுப் புத்தகத்தின் ரகசியம் இப்போது புரிகிறதா?

நான் பளீல் நானாவைப் புகழ்ந்து தள்ளினேன். அவர் பேசாமல் கேட்டார்.

“அண்டைக்குத் தெரியாதுண்டீங்க. இண்டைக்கு பஸ் ஏறி வந்து தங்கமான மனுசன்ண்டு செல்றீங்க. ஆரு உங்கள அனுப்பின?”

நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்!

“யாரும் அனுப்பலைங்க. உங்களைப் புலனாய்வுன்னு நினைச்சுப் பயந்துட்டேன். அவர் பைபிள் வாசிக்கிறது உண்மைதான். டீவி கடை யேசுதாசனோட வாதாடத்தான். அது எங்க விதி. அவர் தொழுகை ஒரு நேரம் தவறி நான் பார்த்ததில்லை.”

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“பைபிள் கதை எங்களுக்கு முந்தியே தெரியும். ரிஸ்னாப் புள்ளயே செல்லி ஈக்கா. பேச்சத் தொடங்கத்தான் அதக் கேட்டேன். மூணு சனிக்கிழம எதிர்ல ஈந்து பார்த்தேன். சண்ட புடிக்கிறீங்க, பொறகு ஒரே தட்டுல வடை திங்கிறீங்க. இப்படிக் கூட்டாளிமார் ஈக்கிற மனுசன் நல்ல மனுசனாத்தான் ஈக்கணும்ண்டு முடிவே பண்ணிட்டேன். பேருக்கு உங்கள்ட்டயும் ஒரு வார்த்த கேட்போம்ண்டு வந்தேன். நீங்க தெரியாதுண்டீங்க. பத்து வருஷக் கூட்டாளியே கைவிடுற ஆள்ல, என்னவோ பெரிய பிழை ஈக்கும்ண்டு நெனச்சோம்.”

“சரி, நான் வீட்டுல செல்றேன்” என்று தேநீரை நீட்டினார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கம்பளையிலிருந்து இரண்டு வேன் வந்தது. நிக்காஹ் பேசி முடித்தாகிவிட்டது. பளீல் நானா என்னை வாசலில் நிற்க வைத்து, வருகிறவர்களுக்கு சர்பத் கொடுக்கச் சொன்னார். “ஆரையும் தெரியாதுண்டு மட்டும் செல்லிடாதீங்க சேர்” என்றார். யேசுதாசன் விழுந்து விழுந்து சிரித்தார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவன்தானே நான்!

வரப்போகிறவர் யார் என்று பத்து வருடம் தொண்டை கிழிய வாதாடியவனுக்கு, வந்து எதிரில் நின்றவரிடம் ‘நீங்க யாரு?’ என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.